விளையாட்டுக் குடும்பத்தில் பிறந்த சிந்து: செந்தூல் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள ஒரு பொது மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் எங்கள் பிள்ளைகள் பூப்பந்து (பேட்மிண்டன்) பயில்கிறார்கள். அவர்கள் ஆடும் இரண்டு மணி நேரமும் பெற்றோர்களாகிய நாங்கள் சுவரோரம் போட்ட நீள்பலகையில் அமர்ந்திருப்போம். பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தியப் பூப்பந்து வீராங்கனை பி.வி. சிந்துவிடம் வந்துதான் நிற்கும். தாயும் தந்தையும் விளையாட்டு வீரர்களாக இருந்ததால்தான் மகளால் இவ்வளவு தூரம் வர முடிந்ததா என்பதே அந்தப் பேச்சின் அடியில் கிடக்கும் கேள்வி. அதையும் அதைச் சுற்றி எழும் மற்றக் கேள்விகளையும், எனக்கு உறுதியாகத் தெரிந்த விடைகளோடு இங்கே எழுதுகிறேன்.

சிந்து தமிழ்ப் பெண்ணா?

இல்லை. புசர்லா வெங்கட சிந்து 1995 ஜூலை 5ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்த தெலுங்குப் பெண். அவரைத் தமிழர் என்று எண்ணிக் கைதட்டிய பாட்டிமார் எங்கள் மண்டபத்தில் உண்டு. உண்மை தெரிந்த பிறகும் அவர்கள் கைதட்டுவதை விடவில்லை. நம்மவர் என்று சொல்லிக்கொள்ள மலேசியத் தமிழர்களுக்குப் பஞ்ச் குணாளன் இருக்கிறார். இங் பூன் பீயோடு சேர்ந்து 1971இல் ஆல் இங்கிலாந்து பூப்பந்துப் போட்டியில் இரட்டையர் பட்டத்தை வென்றவர் அவர். 1974 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கத்தையும் வென்றார். இன்றைய தலைமுறையில், பெர்லி டானோடு இணைந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த தீனா முரளிதரன் இருக்கிறார்.

பெற்றோர் ஆடியது கைப்பந்து. மகள் எப்படிப் பூப்பந்துக்கு வந்தார்?

தந்தை பி.வி. ரமணா இந்தியக் கைப்பந்து (வாலிபால்) அணியில் ஆடியவர். 1986ஆம் ஆண்டு சோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற அணியில் அவரும் ஒருவர். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசின் விளையாட்டு விருதான அர்ஜுனா விருதும் பெற்றார். தாயார் விஜயாவும் தேசிய அளவில் கைப்பந்து ஆடியவரே. ஆகவே அந்த வீட்டில் பந்தும் பயிற்சியும் பயணமும் அன்றாடப் பேச்சாக இருந்திருக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். ஆனால் குழந்தையின் மனத்தைப் பிடித்தது வேறொரு விளையாட்டு. 2001இல் இந்திய வீரர் புல்லேலா கோபிசந்த் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றபோது சிந்துவுக்கு இன்னும் ஆறு வயது நிறையவில்லை. அந்த வெற்றி ஹைதராபாத் முழுவதும் பேசப்பட்ட காலத்தில் வளர்ந்த அவர், எட்டாம் வயதில் மட்டையைக் கையில் எடுத்தார். முதல் பாடங்களைச் செகந்திராபாத்தில் இரயில்வே வளாகத்து ஆடுகளத்தில் மெஹபூப் அலியிடம் கற்றார்; பிறகு கோபிசந்தின் அகாடமியில் சேர்ந்தார்.

பெற்றோர் தங்கள் விளையாட்டை மகள்மீது சுமத்தவில்லை என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கைப்பந்து அவர்களுக்குச் சோறு போட்டது, பெயர் கொடுத்தது. இருந்தும், மகள் வேறு வலையின் பக்கம் போனபோது வழிவிட்டார்கள்.

உயரம்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

சிந்துவின் உயரம் 179 சென்டிமீட்டர். பெண்கள் ஒற்றையரில் இது மிகப் பெரிய உயரம்; கைப்பந்து வீரர்களான பெற்றோரிடமிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. உயரமானவர் ஸ்மேஷ், அதாவது மேலிருந்து ஓங்கி அடிக்கும்போது பந்து செங்குத்தாக இறங்கும். பின்கோட்டிலிருந்து இரண்டே எட்டில் வலைக்கு வந்துவிடலாம்.

ஆனால் அதே உயரம் விலையும் கேட்கும். உடலுக்கு நேராக வரும் பந்தை எடுக்க நீண்ட கை மடங்கியாக வேண்டும். வலையருகே தாழ்ந்து விழும் பந்துக்காக ஒவ்வொரு முறையும் இடுப்பும் முழங்காலும் ஆழமாக இறங்கி எழ வேண்டும். ஒரு மணி நேர ஆட்டத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவரைவிட வெகுவாகக் குட்டையான ஜப்பானின் நொசோமி ஒக்குஹாரா பல ஆண்டுகள் அவருக்குச் சரிக்குச் சரியாக நின்று ஆடியதற்கு இதுவும் ஒரு காரணம். உயரம் மட்டுமே போதுமென்றால் கைப்பந்து வீரர்களின் பிள்ளைகள் எல்லாரும் உலக வெற்றியாளர்களாக ஆகியிருப்பார்கள்.

அப்படியானால் அந்தக் குடும்பம் கொடுத்ததுதான் என்ன?

நேரம். இந்த ஒரு சொல்லை நான் யோசித்தே எழுதுகிறேன். சிந்து சிறுமியாக இருந்தபோது வீட்டிலிருந்து அகாடமிக்குப் போய்வர நாளொன்றுக்கு 56 கிலோமீட்டர் பயணம் செய்தார் என்று இந்தியப் பத்திரிகைகள் அப்போதே எழுதின. பயிற்சி விடியலுக்கு முன்பே தொடங்கும். அந்த நேரத்துக்குப் பிள்ளை ஆடுகளத்தில் நிற்க வேண்டுமென்றால் வீட்டில் இன்னொருவர் அதற்கும் முன்னால் எழ வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை: பள்ளி முடிந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு மாலை நெரிசலில் செந்தூலிலிருந்து புக்கிட் ஜாலிலுக்கு ஒரு முறை போய் வந்தவருக்கு 56 கிலோமீட்டரின் பொருள் புரியும். ரமணா அப்போது இரயில்வே ஊழியர். ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மாதக்கணக்கில் விடுப்பு எடுத்து மகளின் கூடவே இருந்தார். விளையாட்டு வாழ்க்கை எதையெல்லாம் கேட்கும் என்று முன்பே அறிந்த ஒருவருக்குத்தான் அப்படி விடுப்பு எடுக்கத் துணிவு வரும்.

இரண்டாவதாக நான் சொல்ல நினைப்பது, பயிற்றுநரின் வேலையை அவர்கள் பயிற்றுநரிடமே விட்டது. ரியோவுக்கு முந்தைய மூன்று மாதங்கள் சிந்துவின் கைப்பேசியைக் கோபிசந்த் வாங்கி வைத்துக்கொண்டார். ஐஸ்கிரீமும் தயிரும்கூடக் கூடாது என்றார். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு விதித்தால் நம் வீடுகளில் எத்தனை பேர் பொறுத்துக்கொள்வோம்? அந்த வீடு பொறுத்துக்கொண்டது.

இதை நான் என் சொந்தத் தவற்றிலிருந்தும் அறிவேன். சில மாதங்களுக்கு முன் என் மகள் ஆடிக்கொண்டிருந்தபோது நான் பலகையிலிருந்து எழுந்து, “பின்னால போ, பின்னால போ” என்று கத்தினேன். அவள் பந்தைப் பார்க்காமல் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பந்து அவள் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால், கோட்டின்மேல் விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுத்து, ஒடிந்திருந்த இறகை விரலால் நீவிவிட்டு, மறுபடி என்னைப் பார்க்காமலே சர்வ் போட நின்றாள். அன்றிலிருந்து நான் பலகையில் வாயைத் திறப்பதில்லை.

ரியோவில் என்ன நடந்தது?

2016 ஆகஸ்டில் நடந்த அந்தப் போட்டிக்குச் சிந்து ஒன்பதாம் தரநிலையில் வந்தார். பதக்கம் வாங்குவார் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. தைவான் வீராங்கனை தாய் சூ-யிங்கையும் சீனாவின் வாங் யீஹானையும் நேர் செட்களில் வென்று, அரையிறுதியில் ஒக்குஹாராவை 21-19, 21-10 என்று வீழ்த்தினார். இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் கரோலினா மரினிடம் முதல் செட்டை 21-19 என்று எடுத்துவிட்டு, அடுத்த இரண்டையும் 12-21, 15-21 என்று இழந்தார். ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

ஆட்டம் முடிந்ததும் மரின் தரையில் விழுந்து அழுதார். சிந்து வலையைச் சுற்றிச் சென்று அவரைத் தூக்கி அணைத்தார். மரின் விட்டெறிந்த மட்டையையும் எடுத்து அவருடைய பையருகே வைத்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இறுதியாட்டத்தின் வெற்றிப் புள்ளியைவிட இந்தக் காட்சியைத்தான் நாங்கள் அதிகம் போட்டுக் காட்டியிருக்கிறோம்.

இறுதியாட்டம் வந்தாலே தோற்றுவிடுவார் என்று சொல்கிறார்களே?

சொன்னார்கள், பல ஆண்டுகள் சொன்னார்கள். நியாயமற்ற பேச்சு என்றாலும் அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ரியோவுக்குப் பிறகு 2017 உலகப் போட்டி இறுதியில் ஒக்குஹாராவிடமும், 2018 உலகப் போட்டி இறுதியில் மரினிடமும் தோற்றார். அதே 2018இல் காமன்வெல்த் இறுதியில் சக இந்திய வீராங்கனை சாய்னா நேவாலிடமும், ஆசிய விளையாட்டு இறுதியில் தாய் சூ-யிங்கிடமும் தோற்று, இரண்டிலும் வெள்ளியோடு திரும்பினார்.

இவற்றுள் கிளாஸ்கோவில் நடந்த 2017 இறுதியாட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 19-21, 22-20, 20-22. ஆட்டம் 110 நிமிடம் நீடித்தது. இரண்டாவது செட்டின் கடைசிப் புள்ளிக்காக இருவரும் 73 முறை பந்தை அடித்தார்கள்; அந்தப் புள்ளி முடிந்தபோது வென்றவர், தோற்றவர் இருவருமே மூச்சு வாங்கிக் குனிந்து நின்றார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகும் ‘தோற்பவர்’ என்று ஒருவரை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் செட்டில் இரண்டு புள்ளி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அன்றே அவர் உலக வெற்றியாளர்.

இரண்டு ஆண்டு கழித்து, 2019 ஆகஸ்ட் 25இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதே ஒக்குஹாராவை இறுதியாட்டத்தில் மறுபடி சந்தித்தார். இம்முறை 21-7, 21-7. 38 நிமிடத்தில் முடிந்தது. பூப்பந்தில் உலக வெற்றியாளரான முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு வந்தது. அன்று அவருடைய தாயாரின் பிறந்தநாள். பதக்கத்தை அம்மாவுக்குக் காணிக்கையாக்குவதாக ஆடுகளத்திலிருந்தே சொன்னார். 2013, 2014 வெண்கலங்களையும் சேர்த்தால் உலகப் போட்டியில் அவருக்கு ஐந்து பதக்கங்கள்.

அடுத்தடுத்து இத்தனை இறுதியாட்டங்களில் தோற்ற ஒருவர் மறுநாள் காலையில் எழுந்து பயிற்சிக்குப் போனார் என்றால், தோல்வியைக் குற்றமாகப் பார்க்காத ஒரு வீடு அவருக்கு இருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். தாமே தோற்றும் வென்றும் பழகிய பெற்றோர் அவர்கள்.

அதற்குப் பிறகு?

டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்கொரியப் பயிற்றுநர் பார்க் தே-சங்கின் துணையோடு வெண்கலம் வென்றார். தனிநபர் போட்டிகளில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் ஆனார். 2022 பர்மிங்ஹம் காமன்வெல்த் போட்டி மலேசியர்களாகிய நமக்குச் சற்று நெருக்கமானது. கலப்பு அணி இறுதியாட்டத்தில் மலேசியா இந்தியாவை 3-1 என்று வென்று தங்கம் எடுத்தது. இந்தியாவுக்குக் கிடைத்த அந்த ஒரே வெற்றி, நம் கோ ஜின் வெய்க்கு எதிராகச் சிந்து பெற்றது. பின்பு ஒற்றையர் காலிறுதியில் இருவரும் மறுபடி மோதினார்கள். மூன்று செட் போன அந்த ஆட்டத்தில் சிந்துவின் இடது காலில் அடிபட்டது. அந்தக் காலோடு அரையிறுதியும் இறுதியும் ஆடி, கனடாவின் மிஷெல் லீயை நேர் செட்களில் வென்று தங்கம் எடுத்தார். எலும்பில் விரிசல் என்று பிறகு தெரியவந்தது. அவ்வாண்டு உலகப் போட்டியில் அவரால் ஆட முடியவில்லை.

அந்த நாளில் கட்டுப்போட்டுக்கொண்டு ஆடியது வீரம்தான். ஆனால் பிள்ளைகளுக்கு இதை முன்மாதிரியாகச் சொல்ல நான் தயங்குகிறேன். இருபத்தேழு வயதில், மருத்துவரும் பயிற்றுநரும் பக்கத்தில் இருக்க, ஒருவர் எடுத்த முடிவு அது. பதினோரு வயதுப் பிள்ளை கால் வலிக்கிறது என்றால் உட்கார வைப்பதே சரி.

மலேசியாவோடு அவருக்கு என்ன தொடர்பு?

நிறைய உண்டு. 2013இல் கிராண்ட் பிரி கோல்டு என்ற பன்னாட்டுப் போட்டி வரிசையில் அவருடைய முதல் பட்டம் மலேசியாவில்தான் கிடைத்தது; அப்போது அவருக்குப் பதினேழு வயது. 2016 ஜனவரியில் மலேசிய மாஸ்டர்ஸ் போட்டி பினாங்கில் நடந்தபோது, ஸ்காட்லாந்தின் கிர்ஸ்டி கில்மோரை நேர் செட்களில் வென்று மறுபடி பட்டம் எடுத்தார். அந்த ஆண்டுதான் ரியோ. 2023இல் நம் நாட்டின் முகமது ஹஃபிஸ் ஹாஷிம் அவருக்குப் பயிற்றுநராக இருந்தார்; 2003 ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை வென்றவர் அவர்.

2024 மே மாதம் புக்கிட் ஜாலிலில் நடந்த மலேசிய மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்துக்கு எங்கள் மண்டபத்துப் பிள்ளைகளோடு நானும் போயிருந்தேன். சீனாவின் வாங் ஷீயியை எதிர்த்து முதல் செட்டை 21-16 என்று வென்றார். இரண்டாவதை 5-21 என்று இழந்தார். மூன்றாவதில் 11-3 என்று அவர் முன்னணியில் இருந்தபோது எங்கள் வரிசையில் எல்லாரும் எழுந்து நின்றோம். அதன்பின் புள்ளிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போயின. 16-21 என்று முடிந்தது. என் பக்கத்தில் இருந்த சிறுமி மடியில் வைத்திருந்த அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, “அடுத்த வருஷமும் வருவாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

நம் நாட்டிலும் இப்படி விளையாட்டுக் குடும்பங்கள் உண்டா?

பூப்பந்தில் சிடெக் குடும்பத்தை விஞ்சும் குடும்பங்கள் உலகிலேயே குறைவு. சிலாங்கூர் பந்திங் வட்டாரத்தில் தந்தை முகமது சிடெக் தம் பிள்ளைகளுக்குத் தாமே பயிற்சி கொடுத்தார். மிஸ்புன், ராசிஃப், ஜலானி, ரஹ்மான், ரஷீத் என்று ஐந்து மகன்களும் நாட்டுக்காக ஆடினார்கள். ராசிஃபும் ஜலானியும் 1982இல் ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். 1992 பார்சலோனாவில் அவர்கள் எடுத்த வெண்கலமே மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். இறகுப் பக்கத்தைத் தட்டிப் பந்தைத் தாறுமாறாகச் சுழலவிடும் அவர்களுடைய சர்வ் எதிராளிகளைத் திணறடித்ததால், சர்வ் போடும்போது மட்டை முதலில் பந்தின் அடித்தக்கையிலேயே பட வேண்டும் என்று விதியையே மாற்றினார்கள். ரஷீத் 1996 அட்லாண்டாவில் ஒற்றையர் வெண்கலம் வென்றார். மூத்தவர் மிஸ்புன் பின்னாளில் மலேசியாவின் நட்சத்திர ஒற்றையர் வீரர் லீ சோங் வெய்யை உருவாக்கிய பயிற்றுநர். கிளந்தானில் ஹாஷிம் குடும்பம் இன்னொன்று: ஹஃபிஸின் அண்ணன் ரோஸ்லின் 2001இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர்.

சிடெக் வீட்டில் தந்தையே பயிற்றுநர். சிந்துவின் வீட்டில் தந்தை பயிற்றுநரை நம்பி ஒதுங்கி நின்றார். இரண்டு வழியிலும் பதக்கம் வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் யாருமே விளையாடியதில்லை. எங்கள் பிள்ளைக்கு வாய்ப்பு இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருடைய குரல் தாழ்ந்துவிடுகிறது. லீ சோங் வெய்யின் தந்தை நாட்டுக்காக ஆடியவர் அல்லர்; பூப்பந்தை விரும்பி ஆடி, மகனையும் ஆடுகளத்துக்கு அழைத்துப் போனவர், அவ்வளவே. அங்கே ஒரு பயிற்றுநரின் கண்ணில் பட்ட பையன் பின்னர் ஒலிம்பிக்கில் மூன்று வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். விளையாட்டுக் குடும்பம் அனுபவத்தால் அறிந்ததை மற்றக் குடும்பங்கள் கேட்டு அறிய வேண்டியிருக்கிறது: எவ்வளவு தூக்கம், என்ன சாப்பாடு, எப்போது ஓய்வு, எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் இருப்பது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். எங்கள் பலகையில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநர் ஒருவர் இவற்றையெல்லாம் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். எங்களுள் இதைப் பற்றி அதிகம் அறிந்தவர் இன்று அவர்தான்.

இப்போதும் ஆடுகிறாரா?

ஆடுகிறார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்ற இருவரில் ஒருவர் அவர். அங்கே மூன்றாவது பதக்கம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் லக்னோவில் நடந்த சையத் மோடி பன்னாட்டுப் போட்டியில் பட்டத்தை வென்றார், அம்மாதமே திருமணமும் நடந்தது. 2025 உலகப் போட்டியில், கோலாலம்பூரில் தம்மை வென்ற வாங் ஷீயியை வீழ்த்திக் காலிறுதி வரை போனார்.

கோலாலம்பூரில் அவரை நேரில் பார்க்க வழி உண்டா?

பெரும்பாலும் ஜனவரியில் மலேசியப் பொதுப் போட்டியும் மே மாத வாக்கில் மலேசிய மாஸ்டர்ஸும் புக்கிட் ஜாலிலில் உள்ள யூனிஃபை அரங்கத்தில் (முன்பு ஆக்சியாத்தா அரங்கம்) நடக்கும். எல்.ஆர்.டி. இலகு ரயிலில் வந்து புக்கிட் ஜாலில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். காரில் போய் இடம் தேடி அலைய வேண்டாம். முதல் சுற்று நாள்களில் கூட்டம் குறைவு, ஆட்டங்கள் அதிகம் என்பதால் பிள்ளைகளை அழைத்துப் போக அந்த நாள்களே நல்லவை. முடிந்தால் பக்கவாட்டில் உட்காராமல் பின்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் வரிசையில் இடம் பிடியுங்கள். அரங்கத்துக் குளிர்சாதனக் காற்று பந்தை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதும், அதற்கேற்ப அவர் கோட்டுக்கு எவ்வளவு உள்ளே குறிவைக்கிறார் என்பதும் அங்கிருந்துதான் தெரியும்.